டெரன்ஸ் மச்சாடோ கையசைக்கும் படம்

டெரன்ஸ் மச்சாடோவின் மகள் ஜெனிட்டா என்னைத் தேடி வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"வீட்டுல போட்டோ எதுவும் இல்லையா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான்.

"கல்யாண ஆல்பம் இருக்கு சார். லைசென்ஸ் படம் இருக்கு. அதில்ல. அங்க நிக்கும்போது அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்."

அங்கே என்றால் நிலவில்.

அந்தப் படத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2052-இல் நிலவின் தென்முனையில் எடுத்தது. சாம்பல் நிற மேடு. அடிவானத்தை ஒட்டிப் பூமி. நடுவில் விண்வெளி உடையில் ஒருவர் வலக்கையை உயர்த்தி நிற்கிறார். இடது மேற்கையில் பயணத் தலைவருக்கான சிவப்புப் பட்டை. தலைக்கவசத்தின் பொன்பூச்சுக் கண்ணாடியில் தூசி படிந்திருப்பதால் முகமும் தெரியாது, பிரதிபலிப்பும் சரியாகத் தெரியாது. படம் எடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் இறந்துபோனார் என்பார்கள். உடையின் குளிர்விப்பான் நின்றுவிட்டது. உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. அஞ்சல் தலையிலும் ஏழாம் வகுப்புப் பாடநூலிலும் அந்தப் படம் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் மீனவர்களின் வலைக் கூடங்களில்கூட மாதா படத்துக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கும்.

நான் திருநெல்வேலி விண்வெளிப் படக் காட்சியகத்தில் பழைய படங்களைச் சீர்செய்பவன். பெயர் இசக்கியப்பன். அந்த ஆண்டு நாங்கள் ஒரு பெரிய கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழும் 1968-ஆம் ஆண்டுப் படம். அந்தப் பயணத்தின் அட்டவணையிலேயே இல்லாமல், ஜன்னலில் கண்டதும் அவசர அவசரமாக எடுத்தது. அறுநூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு கலம் திரும்பிப் பார்த்து எடுத்த படம்; அதில் பூமி ஒரு புள்ளிகூட முழுதாக இல்லை. இவற்றோடு நம் ஊர்க்காரரின் படமும் கடைசிச் சுவரில் இடம்பெறுவதாக இருந்தது.

"முகத்த எடுக்க முடியும்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க," என்றாள் ஜெனிட்டா.

"முடியும்னுதான் நெனைக்கோம். சாயங்காலம் ரயில்ல போறீங்க. ஜன்னல் கண்ணாடியில வெளிய ஓடுற மரமும் தெரியும், உங்க முகமும் தெரியும். ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கும். அதத் தனித்தனியா பிரிக்க ஒரு முறை வந்திருக்கு. அந்தக் கவசத்துக்குள்ள அளவு காட்டுற சின்னத் திரை ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த வெளிச்சம் முகத்துல விழும். அதுல துளியூண்டு கண்ணாடியத் தாண்டி வெளிய வந்திருக்கும். கேமராவோட மூலப் பதிவுல அது இருக்கணும்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு ஒரு வயசுகூட ஆகல சார் அப்ப. தினமும் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால அந்தப் படத்தப் பாத்து நானும் கை காட்டிட்டுத்தான் போவேன். இப்பவும், வேலைக்குப் போகும்போதும்."

குடும்பத்தின் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எங்கள் இயக்குநர் நாச்சியார் மேடம் அன்றே செய்தி கொடுத்துவிட்டார்: பிப்ரவரி பதினான்கு, கண்காட்சித் திறப்பு நாளில், மாவீரரின் முகம் முதன்முறையாக.

மூலப் பதிவு வந்து சேர ஒரு மாதம் ஆனது. பிரிக்கும் வேலை பதினோரு நாள். முதலில் வெளிப்பக்கம் தெளிந்தது, அதாவது கண்ணாடியில் விழுந்த பிரதிபலிப்பு. தரை, இறங்குகலத்தின் கால்கள், நீண்ட நிழல்கள். இந்த மாதிரிப் பிரதிபலிப்பில் நான் முதலில் தேடுவது படம் எடுத்தவரை. மனிதன் முதன்முதலாக நிலவில் இறங்கியபோது எடுத்த புகழ்பெற்ற படத்தில் நிற்பவர் இரண்டாவதாக இறங்கியவர். முதலில் இறங்கியவர் கையில் கேமரா இருந்ததால், அவர் மற்றவருடைய கண்ணாடியில் அரிசி அளவுக்குத்தான் தெரிகிறார். டெரன்ஸோடு இறங்கிய ஒரே ஆள் மங்கையர்க்கரசி. மூன்றாமவர் மேலே சுற்றுப்பாதையில் இருந்தார். ஆகவே கண்ணாடியில் மங்கையர்க்கரசி தெரிய வேண்டும்.

தெரியவில்லை. பாறை மாதிரிகளை எடைபோடும் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. அதன்மேல் கேமரா இருந்தது. கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை.

அடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு முகம் வந்தது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையை நெருங்கிப் பார்த்தேன். உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னத்தில் ஈரம், இடது பக்க மூக்கில் மூக்குத்தித் துளை. முப்பத்தேழு வயது மங்கையர்க்கரசி அழுதுகொண்டு கையை உயர்த்தி நின்றார்.

நாச்சியார் மேடம் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கெட்டவர் அல்ல. இருபது ஆண்டுகளாக அந்தக் காட்சியகத்தைத் தூக்கி நிறுத்தியவர்.

"யாருக்குத் தெரியும்?"

"நமக்கு ரெண்டு பேருக்குந்தான் மேடம்."

"தெரிஞ்சா என்னாகும் இசக்கி? அந்தப் படத்தப் பாத்துத்தான எத்தன பிள்ளைங்க படிக்க வந்திருக்கு! நீங்களே அப்படித்தான வந்தீங்க?"

உண்மைதான். நானும் அப்படி வந்தவன்தான்.

"கல்யாண ஆல்பத்துலருந்து முகத்த எடுத்து உள்ள வச்சிருங்க," என்றார், என்னைப் பார்க்காமல். "யாரையும் ஏமாத்துறதுக்கு இல்ல. அந்தப் பொண்ணு நிம்மதியா போயிரும்."

நான் அதைச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து நிமிட வேலை. டெரன்ஸ் கண்ணாடிக்குள்ளிருந்து லேசாகச் சிரித்தார். திரை வெளிச்சம் அவர் நெற்றியில் மிகச் சரியாக விழுந்தது. உண்மையான முகத்தைவிட அதுதான் நம்பும்படி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. இன்னும் முப்பது வருடம் கழித்து என்னைப் போல் ஒருத்தன் இதைப் பிரித்துப் பார்ப்பான். அப்போது அந்தப் பெண் அறுபது வயதில் இன்னொரு தடவை அப்பாவை இழப்பாள். அந்தப் போலிப் படத்தை அழித்துவிட்டு ஜெனிட்டாவுக்குப் போன் செய்தேன்.

அவள் நேரில் வந்து பார்த்தாள். அழவில்லை. "இவங்க யாரு?" என்று மட்டும் கேட்டாள். யாரென்று தெரிந்துதான் கேட்டாள்.

மங்கையர்க்கரசியை ஊரில் யாருக்கும் பிடிக்காது. தலைவரைக் கைவிட்டுவிட்டு வந்தவர் என்று பேச்சு. உடலையாவது கொண்டுவந்திருக்கலாமே என்று தூத்துக்குடியில் ஒரு பள்ளி விழாவில் மேடையேறி ஒருவர் கேட்டாராம். அதன்பிறகு மங்கையர்க்கரசி அந்த ஊருக்குப் போனதில்லை. வேலையை விட்டுவிட்டுக் கோவில்பட்டியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். ஜெனிட்டாவின் அம்மா ரோஸ்லின் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் ஜெனிட்டாவும் கோவில்பட்டிக்குப் போனோம். கதவைத் திறந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஜெனிட்டாவைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"டெரன்ஸ் சார் மூக்கு," என்றார். "வாங்க. உள்ள வாங்க."

நான் படத்தை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழுதது எனக்கே மறந்துபோச்சு," என்றார்.

ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நான் முப்பது வருசமா உங்களுக்கா மேடம் கை காட்டிட்டு இருந்தேன்?"

அவர் தலை குனிந்திருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

"கேமரா எப்பவும் உங்க அப்பா கையிலதான் இருக்கும். ஒருத்தர்ட்டயும் குடுக்க மாட்டாரு. ஆயிரத்து நானூறு படம் எடுத்தாரு. எல்லாத்துலயும் நான் இருப்பேன், இல்லன்னா பாறை இருக்கும். அவர எடுக்க ஒரு தடவ கேட்டேன். நாளைக்குப் பாப்போம்னுட்டாரு. மூணாம் நாளு பள்ளத்துச் சரிவுல இறங்குனவரு ஏறி வரல. நான் போயி இழுத்துட்டு வந்தேன். கலத்துக்குள்ள ஏத்துறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"உடம்ப ஏன் கொண்டாரல?"

"கலம் கிளம்புறதுக்கு இவ்வளவு எடைதான்னு கணக்கு இருக்கும்மா. பாறையெல்லாம் இறக்கிப் போட்டுட்டு அவர ஏத்துறேன்னு கேட்டேன். கட்டுப்பாட்டு அறையில மாட்டேன்னுட்டாங்க. வாசல் வழியா ஒரு ஆளால அவரத் தூக்கி உள்ள சேக்க முடியாதுன்னாங்க. அது நெசந்தான். நான் முயற்சி பண்ணிப் பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கிளம்ப இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்துச்சு. அவர் நிலாவுல நின்னதுக்கு ஒரு படம்கூட இல்லியேன்னு இருந்துச்சு. உடுப்பு ரெண்டும் ஒரே மாதிரிதான். இந்தச் சிவப்புப் பட்டைதான் வித்தியாசம். அவர் கையிலருந்து அதக் கழட்டி நான் கட்டிக்கிட்டேன். எடுத்து முடிச்சதும் திருப்பி அவர் கையிலயே கட்டி விட்டுட்டேன். குளிருல பேட்டரி ஒருக்கா செத்துப் பொழச்சதால கேமராவுல நேரமும் இல்ல. ஒருத்தரும் கேக்கல. அப்படி ஒரு படம் வேணும்னு எல்லாருக்கும் இருந்துச்சு போல."

"உங்களுக்கா தோணுச்சா இது?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"ஆமா. நானாத்தான் செஞ்சேன்." பதில் சற்று வேகமாக வந்தது. "உங்க அம்மாட்ட சொல்ல வேண்டாம்மா. அவங்களுக்குத் தெரியாது. மத்தபடி பேப்பர்ல போடுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. அவங்கட்ட மட்டும் வேண்டாம்."

திரும்பி வரும்போது காரில் ஜெனிட்டா படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கயத்தாறு தாண்டியதும், "எங்க அம்மா இதத் தாங்க மாட்டாங்க சார்," என்றாள். "கண்காட்சியில முகம் எடுக்க முடியலன்னு சொல்லிருங்க. தூசி ஜாஸ்தின்னு சொல்லிருங்க." சரி என்றேன். அதுவும் பொய்தான். ஆனால் யாருடைய முகத்தையும் மாற்றாத பொய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ரோஸ்லினே என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வரச் சொன்னார்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்தது வீடு. கூடத்துச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளிறாத நிறத்தில் இருந்தது. ஜெனிட்டா படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறாள். ஆணி தளர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஆணி நல்லாத்தான் இருக்கு," என்றார் ரோஸ்லின். மீன்வளத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். நேராகப் பேசும் ஆள். "சார், நீங்க முகத்த எடுத்துட்டீங்க. அரசி அக்கா முகந்தான?"

ஜெனிட்டா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"நான்தான்டி கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். மகளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

"அவர் போனப்புறம் எனக்கு நாலு நிமிசம் லைன் குடுத்தாங்க. தனி லைன், பதிவு கிடையாதுன்னாங்க. அரசி அக்கா அழுதுக்கிட்டே பேசுறாங்க. இவ என் மடியில கிடக்கா. நான் கேட்டேன், அவர் அங்க நின்ன படம் இருக்காக்கான்னு. இல்லன்னாங்க. ஒண்ணுகூடவான்னேன். ஒண்ணுகூட இல்லன்னாங்க. அப்ப நீங்க நின்னு எடுத்துட்டு வாங்க, கண்ணாடிக்குள்ள யாரு இருக்காங்கன்னு யாருக்குத் தெரியப் போகுது, பிள்ள வளந்து கேட்டா நான் எதக் காட்டன்னு சொன்னேன். அவங்க வேண்டாம்னாங்க. நான் விடல. கையக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கோங்க, பிள்ளையக் கூப்புடுற மாதிரி இருக்கும்னேன்."

வெளியே ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"வீட்டுச் சுவத்துக்குன்னுதான் கேட்டேன் சார். அது ஊர் ஊராப் போகும், ஸ்டாம்பு அடிப்பாங்கன்னு யாரு கண்டா? வெளிய வந்துட்டப்புறம் எப்படி வாயத் தொறக்கது? அக்காவ ஊரே திட்டுது. எனக்குக் கேக்குது. நான் அவங்கட்டப் போயிப் பேசுனா வாய் தவறிருமோன்னு பயம். பேசாம இருந்தா, ஊரு அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுக்கிச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. படம் கேட்டது தப்பில்ல."

"தானாத்தான் செஞ்சேன்னாங்கம்மா," என்றாள் ஜெனிட்டா. "உனக்குத் தெரியாதுன்னாங்க. சொல்லக் கூடாதுன்னு கெஞ்சுனாங்க."

ரோஸ்லின் அப்போதுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி பதினான்காம் தேதி காலை, காட்சியகத்தில் கூட்டம். நாச்சியார் மேடத்திடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "குடும்பம் என்ன சொல்லுதோ அதுதான்," என்றார். படத்தை வழக்கம் போல, முகம் தெரியாமல், கடைசிச் சுவரில் மாட்டினோம். அடியில் பெயர்ப் பலகை இல்லை. அதில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ரோஸ்லின் வந்தார். கூடவே, கையைப் பிடித்தபடி, மங்கையர்க்கரசி. முந்தின நாள் ரோஸ்லின் கோவில்பட்டிக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்களோ, இன்றுவரை இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு தொலைக்காட்சி நிருபர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"அம்மா, உங்க கணவர் கடைசியா நம்ம எல்லாருக்கும் கையசைக்கிற இந்தப் படத்தப் பாக்கும்போது..."

"அது எங்க வீட்டுக்காரர் இல்லய்யா," என்றார் ரோஸ்லின். "அது இவங்க. அவர் போனப்புறம், நான் கேட்டதுக்காக நின்னாங்க. எனக்காகத்தான் இத்தன வருசமும் வாயத் தொறக்கல. எழுதிக்கோங்க."

நிருபர் எழுதிக்கொள்ளவில்லை. ஒலிவாங்கியை இறக்கவும் மறந்து அப்படியே நின்றார்.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். ஒரு வாரம் தொலைக்காட்சியில் கத்தினார்கள். நாட்டையே ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள் சிலர். பாடநூலிலிருந்து படத்தை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. சில வலைக் கூடங்களில் படத்தைக் கழற்றினார்கள். சிலவற்றில் கழற்றவில்லை, கேட்டால், "யாரா இருந்தா என்ன, நம்ம ஆளுக்காக நின்னவங்கதான?" என்றார்கள். எனக்கு மாநில விருது ஒன்று கிடைப்பதாக இருந்தது, கிடைக்கவில்லை. நாச்சியார் மேடம் பெயர்ப் பலகையில் மூன்று பேரின் பெயரையும் போடச் சொன்னார். நின்றவர், யாருக்காக நின்றாரோ அவர், கேட்டவர்.

ஜெனிட்டாவுக்கு ஆறுதல் கிடைத்ததா என்று கேட்டால் உடனே இல்லை. பல மாதம் அவள் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. அந்த ஆண்டு அவளுக்கு அப்பா புதிதாக இறந்ததைப் போலத்தான் இருந்தது. ஆனால் ஜூன் மாதத்தில் ஒருநாள், கோவில்பட்டிக்குப் போக வேண்டும், கூட வர முடியுமா என்று என்னைக் கேட்டாள்.

மங்கையர்க்கரசி எங்களுக்குக் காபி கொடுத்தார். ஜெனிட்டா ஒரு பட்டியலே வைத்திருந்தாள். அப்பா என்ன சாப்பிட்டார், தூங்கினாரா, பயந்தாரா. அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார். இறங்குவதற்கு முன்னால் பயத்தில் வாந்தி எடுத்தார். பூமிக்குச் சொல்லிராதீங்க என்றார். எலுமிச்சைச் சாத வில்லைகளை எல்லாம் அவரே தின்று தீர்த்துவிட்டார்.

"என்னப் பத்தி என்ன பேசுனாரு ஆன்ட்டி?"

மங்கையர்க்கரசி காபி டம்ளரைக் கீழே வைத்தார். அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்வாரோ என்றுதான் நானும் நினைத்தேன்.

"பேசல," என்றார். "பேசுனா வேலைல கவனம் போயிரும்னு மொதல்லயே சொல்லிட்டாரு. உன் பேரக்கூட எடுக்கல. ஒரே ஒரு தடவதான். மூணாம் நாளு காலையில, உடுப்பு மாட்டிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு கேட்டாரு, அரசி, பதினோரு மாசப் பிள்ளைக்கு எத்தன பல்லு இருக்கும்னு. எனக்கு எப்படித் தெரியும்? எங்க அக்கா மகன நெனச்சுக்கிட்டு நாலு சார்னேன். நாலுதானான்னாரு. அவ்வளவுதான். கவசத்த மாட்டிட்டு வெளிய போயிட்டாரு."

ஜெனிட்டா கையிலிருந்த பட்டியலை மடித்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள். எழுந்து போகவில்லை, எங்கள் முன்னாலேயே பேசினாள். அம்மாவோடு அவள் தானாகப் பேசுவது நான்கு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"அம்மா, எனக்கு பதினோரு மாசத்துல எத்தன பல்லும்மா இருந்துச்சு?"

மறுமுனையில் ரோஸ்லின் எதற்கு என்று கேட்கவில்லை. பதில் எங்களுக்கும் கேட்டது.

"ஆறு. மேல நாலு, கீழ ரெண்டு."

ஜெனிட்டா மங்கையர்க்கரசியைப் பார்த்தாள்.

"ஆறாம் ஆன்ட்டி," என்றாள்.